நேற்றைய எண், இன்றைய தண்ணீர்

ஜூலை 4

அக்காவின் பிள்ளைகள் இரண்டும் மொன்றியலில் இருந்து லீவுக்கு வந்துவிட்டார்கள். பெட்டியை வைக்க முதலே "சித்தி, எப்ப பீச்?" என்று தொடங்கியாயிற்று. மத்தியானம் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ரொறன்ரோவின் புளஃபர்ஸ் பார்க் போனோம். பிரிம்லி ரோட்டின் கடைசி இறக்கத்தில் கார்கள் ஊர்ந்தன. மணலுக்கும் தண்ணீருக்கும் டிக்கெட் இல்லாத இடம். அதனால்தான் வெயில் எறித்தால் பாதி ஸ்காபரோ இங்கே இறங்கிவிடுகிறது.

ஒன்ராறியோ ஏரி இன்று கண்ணாடி மாதிரி. முழங்கால் தண்ணீரில் நின்று கால்விரல் நகத்தைப் பார்க்க முடிந்தது. ஆனால் கரையோரம் பச்சையாய், மயிர்க்கற்றை போல ஏதோ ஒதுங்கி, வெயிலில் அழுகி நாறியது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "கக்கூஸ் தண்ணி கலக்குதோ பிள்ளை? இதுக்கையே இறங்கப் போறியள்?"

கலக்கவில்லை. அது கிளாடோபோரா என்ற பாசி. கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரோடு ஐரோப்பாவிலிருந்து வந்த வரிச்சிப்பிகள் 1988 அளவில் இந்தப் பேரேரிகளில் கண்டுபிடிக்கப்பட்டன. அவை தண்ணீரை வடிகட்டித் தின்னத் தின்ன ஏரி தெளிந்தது. தெளிந்ததால் வெயில் ஆழத்துக்கு இறங்குகிறது. வெயில் இறங்குவதால் அடிப்பாறையில் பாசி செழிக்கிறது. அலை அதைப் பிய்த்துக் கரைக்குக் கொண்டுவருகிறது. நாற்றத்துக்கும் தெளிவுக்கும் காரணம் ஒரே சிப்பி. நகராட்சியின் அறிவிப்பில் இன்று பச்சை, அதாவது நீந்தலாம் என்றிருந்தது. பிள்ளைகள் பாசியைத் தாண்டிக் குதித்தார்கள். அம்மா கடைசிவரை நம்பவில்லை.

ஜூலை 5

வேலை பின்னேரம்தான் என்பதால் காலையிலேயே நடக்கப் போனேன். கரையில் ஆளில்லை; ஒரு இளம்பெண் மட்டும் நெஞ்சு வரை ரப்பர் உடுப்புப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நின்றாள். மூடியைத் திறந்து, போத்தலைக் கவிழ்த்தபடி நீருக்குள் அமிழ்த்தி, உள்ளேயே திருப்பி நிரப்பி, தூக்கி, மூடினாள். விரல் போத்தலின் வாயில் படாமல் பார்த்துக்கொண்டாள். பிறகு சில பத்து அடி தள்ளிப் போய் அதையே திரும்பச் செய்தாள். கரையில் ஐஸ் பெட்டி காத்திருந்தது.

பேச்சுக் கொடுத்தேன். யூனிவர்சிட்டிப் பிள்ளை, கோடைகால வேலை. ஒரு கரையில் குறைந்தது ஐந்து இடத்திலாவது எடுக்கவேண்டும் என்றாள். ஆய்வுகூடத்தில் வடிகட்டி, தட்டில் இட்டு, இரவு முழுக்கச் சூட்டில் வைத்தால் ஈ.கோலை கிருமிகள் புள்ளி புள்ளியாய் வளரும், அதை எண்ணுவார்கள். ஐந்து எண்ணையும் கூட்டி வகுப்பதில்லை, பெருக்கி ஐந்தாம் மூலம் எடுக்கிறார்கள். ஒரு போத்தலில் தற்செயலாய் கடற்காக எச்சம் அகப்பட்டு எண் எகிறினாலும் முழுக் கணக்கும் கெட்டுப்போகாது.

100 மில்லிலீற்றருக்கு 100 கிருமிக்கு மேல் போனால் ரொறன்ரோவில் நீந்தவேண்டாம் என்பார்கள். மாகாணத்தின் வரம்பு 200. இந்த நகரம் பழைய, கடுமையான 100ஐயே வைத்துக்கொண்டிருக்கிறது. ஈ.கோலையில் பெரும்பாலானவை ஆளுக்குத் தீங்கு செய்யாதவை. ஆனால் அது இருந்தால் மனிதனின், நாயின் அல்லது பறவையின் கழிவு தண்ணீரில் கலந்திருக்கிறது. அதோடு வயிற்றோட்டம், காதுவலி, கண்சிவப்புத் தரும் மற்றவையும் வந்திருக்கும்.

"அப்ப இன்றைக்கு எடுத்ததுக்கு எப்ப பதில்?" என்று கேட்டேன். "நாளைக்கு" என்றாள். அப்படியென்றால் நேற்று நாங்கள் பார்த்து இறங்கியது முந்தின நாள் தண்ணீரின் சீட்டு.

ஜூலை 7

இரவு எட்டு மணிக்கு இடி. வேலையால் வரும்போது எங்கள் தெருவின் வடிகால் ஓட்டைக்கு மேலே தண்ணீர் சுழன்றுகொண்டு நின்றது. சிகரெட் கட்டை, மேப்பிள் இலை, யாரோ அள்ளாமல் விட்ட நாயின் மலம், காரிலிருந்து சொட்டிய எண்ணெய்ப் படலம் எல்லாம் வரிசையாய் உள்ளே போயின. சில தெருக்களில் இந்த ஓட்டைக்குப் பக்கத்தில் மஞ்சள் மீன் ஒன்று வரைந்திருப்பார்கள். இதில் ஊற்றுவது மீனுக்குப் போகிறது என்று அர்த்தம்.

ரொறன்ரோவின் பழைய பகுதிகளில் மழைத்தண்ணீரும் வீட்டுக் கழிவும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் குழாய் கொள்ளாமல் இரண்டும் சேர்ந்தே ஆற்றிலும் ஏரியிலும் வழியும். அதைப் பிடித்துவைக்கத்தான் நிலத்துக்குக் கீழே தொட்டியும் சுரங்கமும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்காபரோ பிறகு வளர்ந்த ஊர். இங்கே பெரும்பாலும் இரண்டு குழாயும் வேறு வேறு. அதை நினைத்து நிம்மதிப்பட ஒன்றுமில்லை. மழைக்குழாயின் முடிவில் சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. தெருவில் கிடந்தது ஓடைக்கு, ஓடையிலிருந்து ஏரிக்கு.

2024 ஜூலை 16 ஞாபகம் வந்தது. சில மணி நேரத்தில் விமான நிலையத்தில் 98 மில்லிமீற்றர் அளவுக்குக் கொட்டி, டொன் வலி ஹைவேயில் கார்கள் மிதந்த நாள். அன்றைக்கு ஹைவேயைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்கள். அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாரும் படம் எடுக்கவில்லை.

ஜூலை 8

வானம் கழுவிவிட்டது மாதிரி நீலம். 31 பாகை வெயில். பிள்ளைகள் நீச்சல் உடுப்போடு கதவடியில் நிற்கிறார்கள். அறிவிப்பு இன்னும் பச்சையாகத்தான் காட்டுகிறது. காட்டாமல் என்ன செய்யும், அது மழைக்கு முந்தின தண்ணீர். மழை விட்டு இரண்டு நாள் இறங்கக்கூடாது என்பதுதான் இங்கே பொதுவிதி. இதைச் சின்னவனுக்கு விளங்கப்படுத்தினேன். "போர்டே ஓம் எண்டு சொல்லுது, நீங்கள் ஏன் இல்லை எண்டுறியள்?" என்று சட்டம் பேசினான்.

சமாதானத்துக்கு அம்மா கதை சொன்னார். அம்மாவின் ஊர் தொண்டைமானாறு. 1954இல் அந்தப் பக்கத்து நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்தி இந்தியக் கரைக்குப் போனார். அப்போது அம்மாவுக்கு எட்டு வயது. நான் என் பங்குக்குச் சொன்னேன்: அதே 1954 செப்ரெம்பரில் மரிலின் பெல் என்ற பதினாறு வயதுப் பெண் அமெரிக்கப் பக்கத்து யங்ஸ்ரவுணில் இறங்கி, இந்த ஏரியைக் குறுக்கே நீந்தி, ஏறத்தாழ 21 மணி நேரத்தில் ரொறன்ரோவில் கரையேறினாள். இந்த ஏரியை அப்படிக் கடந்த முதல் ஆள் அவள்தான். "மழை பெய்தா அவ நீந்தினவ?" என்று சின்னவன் கேட்டான். அவனைச் சமாளிக்க ஏலாது.

ஜூலை 9

எதிர்பார்த்தது போலவே இன்று சிவப்பு. நேற்று எடுத்த தண்ணீரின் எண் இன்றுதான் வந்திருக்கிறது. நேற்றுப் பச்சையைப் பார்த்து இறங்கியவர்கள் எத்தனை பேரோ.

எற்றோபிக்கோவில் இருக்கும் மச்சாள் போனில், "எங்கட சனிசைட் எப்பவும் சிவப்புத்தான்" என்று குறைப்பட்டாள். அது ஹம்பர் ஆற்றின் வாயோரம். நகரத்தின் மேற்குப் பாதியில் விழுகிற மழையில் பெரும் பங்கு அந்த ஆற்றால்தான் ஏரிக்கு வருகிறது. தீவுப் பக்கத்துக் கரைகளுக்கு ஆற்றுவாய் கிட்ட இல்லை, பெரும்பாலும் பச்சை. புளஃபர்ஸும் ஒரு காலத்தில் மோசம். கரைக்குப் பின்னால் நிற்கும் குன்றிலிருந்தும் கார் பார்க்கிங்கிலிருந்தும் வழியும் தண்ணீரை மணலுக்கு வரவிடாமல் சதுப்புக்குத் திருப்பியபிறகுதான் சுத்தமான கரைகளுக்குத் தரும் நீலக்கொடி கிடைத்தது. ஏரி முழுக்க ஒரே ஏரிதான். கரைக்குக் கரை மாறுவது பின்னால் இருக்கிற நிலம்.

பெரியவள் குழாயைத் திறந்து தம்ளரைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "இதுவும் அந்தத் தண்ணிதானே?" ஓம், அதேதான். ஆனால் கரையில் மொள்ளுவதில்லை. கிலோமீற்றர் கணக்கில் உள்ளே, ஆழத்தில் குழாய் போட்டு இழுத்து, வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். குடித்தாள்.

ஜூலை 11

மழை விட்டு இரண்டு நாளுக்கு மேலாயிற்று, அறிவிப்பும் பச்சை. இரண்டும் ஒத்துப்போனதால் போனோம். இறங்கிய வேகத்திலேயே பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். ஐஸ். இரண்டு நாளாய் மேற்குக் காற்று விடாமல் வீசியது. அது மேல்மட்டத்துச் சூட்டுத் தண்ணீரை நடு ஏரிக்குத் தள்ளிவிட, அடியில் கிடந்த குளிர் எழும்பி வடகரைக்கு வந்துவிட்டது. 20 பாகையில் இருந்த தண்ணீர் ஓரிரு நாளில் 10க்குக் கிட்ட இறங்கக்கூடும். நீந்தத் தெரிந்தவனுக்கும் மூச்சடைக்கும் குளிர் அது. கிருமி எண்ணும் அறிவிப்பில் இது வராது. கணுக்கால் நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கவேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். அலை குன்றின் களிமண்ணைக் கரைத்துத் தண்ணீரைத் தேத்தண்ணி நிறமாக்கியிருந்தது. அம்மா "இதுதான் ஊத்தை" என்றார். இந்தத் தண்ணீரின் எண் நாளைக்குத்தான் வரும். நிறத்தை மட்டும் வைத்துக் கிருமியைச் சொல்ல முடியாது.

ஜூலை 13

காற்றுத் திரும்பி, தண்ணீர் சூடாகியிருந்தது. சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்து போனோம். புட்டு, கோழிக்கறி, ரோல்ஸ், முறுக்கு, தேத்தண்ணிப் பிளாஸ்க் என்று மேசை நிறைந்தது. பிள்ளைகள் பொழுது சாயும்வரை தண்ணீரில்.

பின்னேரம் பெரியப்பா மிஞ்சின பாணைப் பிய்த்து கடற்காகங்களுக்கு எறியத் தொடங்கினார். கூடவே கனடா வாத்துகளும் நடந்து வந்தன. சில நிமிடத்தில் நனைந்த மணல் முழுக்க வெள்ளை எச்சம். மழையில்லாத நாளில் இந்தக் கரைகளின் கிருமிக்கணக்கை ஏற்றுவதில் பெரும் பங்கு பறவைகளுக்குத்தான். அலை ஏறி இறங்கும் இடத்து மணலுக்குள் கிருமிகள் தண்ணீரில் இருப்பதைவிட அதிகமாய்ச் சேர்ந்து, நாள்கணக்கில் பிழைத்திருக்கும். குழந்தைகள் கோட்டை கட்டுவதும் அதே ஈரமணலில்தான்.

நான் சொன்னால் மரியாதைக் குறைவு. சின்னவனுக்கு அந்தக் கவலை இல்லை. "பெரிய தாத்தா, நீங்கள் இப்ப போடுற பாண் நாளையிண்டைக்குப் போர்ட்டில சிவப்பா வரும்." பெரியப்பா கை பாதியில் நின்றது. "ஊரில காகத்துக்கு வைக்காமல் நாங்கள் சாப்பிடுறேல்லையடா" என்றார். "அது கிணத்தடியிலயே வைப்பியள்?" என்றான் பயல். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

பெரியப்பா பாண் பையைக் கட்டிக் காரில் வைத்தார். அடுத்த கிழமையும் இதே இடத்தில் சந்திப்பதாய் முடிவு. மழை பெய்தால் இரண்டு நாள் தள்ளிப்போகும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.