ஒட்டாத வெள்ளை

பெயின்ட் கடைப் பையன் அதை உள்ளங்கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முட்டை ஓடா என்று கேட்டான். சுவர் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு செதிள். 2009இல் ஊர் வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட்ட அன்று, சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் அரங்கு வீட்டுக்குள் போய், சுவர் உப்பியிருந்த இடத்தில் நகத்தை விட்டு நெம்பினேன். கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து மாத்திரை டப்பாவில் பஞ்சுக்கு நடுவே, திருச்செந்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து மினியாபொலிஸ் வரை வந்து, மூன்று வீடு மாறி, என்னோடு இருக்கிறது.

பையன் அதை ஒரு கருவிக்கு அடியில் வைத்தான். ஒரு பளிச். திரையில் எண்கள். வெள்ளையில் கறுப்பு இத்தனை, நீலம் இத்தனை, காவி மஞ்சள் துளியூண்டு. எங்கள் ஆச்சி அரை நாள் முற்றத்தில் நின்று பார்த்துச் சேர்த்த நீலத்தை அது கண் சிமிட்டும் நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது. டப்பாவை மூடி, இயந்திரத்தில் குலுக்கிக் கொடுத்தான். ஒரு கேலன், அதாவது 3.78 லிட்டர், 350, 400 சதுர அடிக்கு வரும், இரண்டு கோட் என்றால் அதில் பாதி. தண்ணீரில் கரைவது, வாசனையே இல்லாதது, துடைத்தால் போகாதது, பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றான்.

பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாத சுவர். அதை அவன் நல்ல செய்தியாகத்தான் சொன்னான்.

நமக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டிய சுவர்கள் இருந்தன. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். மார்கழி முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போது தெருவில் ஏணிக்குப் போட்டி வரும். எங்கள் தெருவில் நாற்பது வீட்டுக்கு இரண்டே ஏணி. இன்றைக்குக் கிழக்கு வளவு, நாளைக்கு நம்ம வீடு, அதற்கு மறுநாள் ரைஸ்மில்காரர் வீடு என்று அப்பா முறை வாங்கி வைத்திருப்பார். கூலிக்கு ஆள் வைக்கிற வீடுகள் உண்டு. நாங்கள் அந்த ரகம் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து முகம் தெரிகிற மாதிரி சுவரை மெருகேற்றியிருப்பார்கள் என்று அப்பா சொல்வார். எங்களுக்கு அது கதை. எங்களுக்கு வாய்த்தது சிப்பிச் சுண்ணாம்பும் சொந்தக் கையும்.

முதலில் நான் இழந்தது அந்தச் சத்தம். கடற்கரைச் சிப்பியைக் காளவாசலில் கரியோடு அடுக்கிச் சுட்டு எடுப்பார்கள். (மதுரையில் ஒரு சந்திப்புக்கே காளவாசல் என்று பெயர் நின்றுவிட்டது.) சுட்ட சிப்பியைப் பெரிய மண்பானையில் போட்டு ஆச்சி தண்ணீர் விடுவாள். சும்மா பச்சைத் தண்ணீர்தான். அடுப்பு இல்லை, விறகு இல்லை. முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு அடியில் எங்கோ ஒரு முணுமுணுப்பு. அது சீறலாகி, கொதியாகி, பானை முழுக்கத் தளதளவென்று பொங்கி, ஆவி ஆச்சியின் முகத்தை மறைக்கும். நீத்துறது என்பாள் ஆச்சி. பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டில் பொங்குகிற முதல் பானை அதுதான். கிட்ட வராதே, கண்ணுல தெறிச்சா அவ்வளவுதான் என்று அவள் விரட்ட விரட்ட, நாங்கள் கிட்டப் போய்த்தான் நின்றோம்.

பிற்பாடு கல்லூரியில் வேதியியல் படித்தபோது அந்தப் பானைக்குள் நடந்தது விளங்கியது. ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சிப்பி தன்னிடம் இருக்கிற கரியமில வாயுவை விட்டுவிடும். தண்ணீர் பட்டதும் கொதித்து வேறொன்றாகும். சுவரில் ஏறிய பிறகு, விட்ட வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி, மறுபடி சிப்பியாகவே இறுகும். அப்படியென்றால் நாங்கள் குடியிருந்தது சிப்பிக்குள்ளேதான். இதை ஆச்சியிடம் சொல்ல வேண்டும் என்று லீவுக்கு வரும்போதெல்லாம் நினைப்பேன். சொல்லவில்லை. அவள் சிரித்திருப்பாள் என்பது மட்டும் தெரியும்.

நீத்த சுண்ணாம்பைப் பழைய வேட்டியில் வடிகட்டுவோம். வசதிப்பட்ட வீடுகளில் வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் சோற்றுக் கஞ்சியும் இரண்டு கை உப்பும். தூத்துக்குடிப் பக்கத்தில் உப்புக்கா பஞ்சம். கடைசியில் நீலம். துணிக்குப் போடுகிற அதே நீலப் பொடியைத் துணியில் முடிந்து, பானையில் முக்கி முக்கி எடுப்பாள். கூடினால் வானம் மாதிரி ஆகிவிடும், குறைந்தால் பழுப்படிக்கும். ஓர் ஓட்டுத் துண்டில் தடவி, வெயிலில் காயவைத்து, தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். இன்னும் ஒரு முக்கு. மறுபடி ஓடு, மறுபடி வெயில். எங்களுக்குப் பொறுமை போய்விடும்.

இப்போது என் சுவருக்கு வருகிறேன். வாடகைக்கு இருந்தவரை சுவர் யாருடையதோ. இது சொந்த வீடு, 1950களில் கட்டியது. 1978இல்தான் இந்த நாட்டில் வீட்டு பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தார்கள்; அதற்கு முந்திய வீடு என்றால் சோதித்துப் பார்க்காமல் சுரண்டக் கூடாது. சோதித்தேன். இல்லை. ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, பட்டி வைத்த இடங்களில் பிரைமர் அடித்து, ஜன்னல் சட்டத்திலும் தரையோரப் பலகையிலும் நீல டேப் ஒட்டி, தரைக்குத் துணி விரித்து, இதற்கே ஒரு சனிக்கிழமை போய்விட்டது. அடிக்கிற நேரத்தைவிட அடிக்காத நேரம்தான் இந்த வேலையில் அதிகம். புதிதாக இறங்குகிறவர்கள் அவசரப்பட்டு டப்பாவை முதலில் திறப்பார்கள். நானும் திறந்து, மூடினேன்.

அங்கேயும் அடிக்காத நேரம்தான் அதிகம். ஆனால் அது திருவிழா. கட்டில், டிரங்குப் பெட்டி, நெல் குதிர், சாமி படங்கள் எல்லாம் வளவுக்கு வந்துவிடும். படம் இருந்த இடத்தில் புகை படாத சதுரங்கள். முருகன் ஒரு சதுரம், காமராஜர் ஒரு சதுரம். பெட்டிக்குப் பின்னால் பல்லி முட்டை, அஞ்சு பைசா அலுமினியக் காசு, போன வருஷம் தொலைந்து நான் அடி வாங்கிய பேனா மூடி. காலியான பட்டாசாலையில் நின்று ஓவென்று கத்தினால் வீடு ஓவென்று திருப்பிக் கத்தும். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் வீட்டுக்குக் குரல் உண்டு.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் பால் கணக்கு, கரிக்கட்டையால் இழுத்த கோடுகள். வெள்ளையடிக்கிறதுக்கு முன்னால் அதைத் தீர்த்துவிட வேண்டும். பால்காரர் வந்து நின்று, ஆச்சியும் அவரும் சுவரைப் பார்த்துச் சண்டை போட்டு, காசு கை மாறிய பிறகுதான் அங்கே மட்டை படும். கடனில்லாத சுவரில்தான் வெள்ளை ஏறும்.

மட்டை என்றால் பனை மட்டையின் அடியை ஊறப்போட்டு, கல்லில் வைத்து நசுக்கி, நாராக்கியது. சுவரில் முதலில் வெறும் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். காய்ந்த சுவர் சுண்ணாம்பைக் குடித்துவிட்டுத் தூளாக உதிர்க்கும். முதல் கை மேலும் கீழும், இரண்டாம் கை பக்கவாட்டில். சரட், சரட் என்று அந்த மட்டை போகிற சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். தெருவில் நடந்தால் எந்த வீட்டில் எந்தச் சுவர் வரைக்கும் வேலை ஆகியிருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடலாம். என் ரோலரும் சத்தம் போடுகிறது. ஈர ரோட்டில் சைக்கிள் போகிற மாதிரி. கேட்டால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஈரத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருக்காது. சாம்பல் நிறத்தில், அடியில் இருக்கிற அழுக்கெல்லாம் தெரிய, ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்றே தோன்றும். எட்டு வயதில் நான் முதல் சுவரை முடித்துவிட்டு அழுதேன். "ஏலே, ஈரத்துல பாத்து அழுவாத. போய்ச் சாப்பிட்டுட்டு வா, வெளுத்திருக்கும்" என்றாள் ஆச்சி. சாப்பிட்டுவிட்டு வந்தேன். வெளுத்திருந்தது. சுண்ணாம்புப் படிகத்தில் ஒளி இரண்டாகப் பிளந்து வருமாம். சாயங்கால வெயிலில் அரங்கு வீடு அப்படி ஒளிர்ந்ததற்கு அதுதான் காரணமோ, சாப்பிட்ட வயிறு காரணமோ.

இடுப்பு உயரம் வரை என் பங்கு. அதற்கு மேல் அப்பா, ஏணியில். இரண்டு பேர் வெள்ளையும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு விழும். காய்ந்த பிறகும் உற்றுப் பார்த்தால் தெரியும். அடுத்த வருஷம் அந்தக் கோடு இரண்டு விரற்கடை மேலே ஏறியிருக்கும். அதற்கடுத்த வருஷம் இன்னும் மேலே. "கோடு ஏறுது பாத்தியா" என்பார் அப்பா, ஏணியிலிருந்து, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து. அவர் என்னிடம் கொஞ்சிப் பேசியது என்று எடுத்தால் இந்த மூன்று வார்த்தைதான் தேறும். அதே குரலை இன்னொரு தரம் கேட்க, எட்டு வயது இடுப்பு உயரத்துக்குக் குனியவும் தயார். முடியுமா.

1997 தையில் எங்களுக்குப் பொங்கல் இல்லை. சுவர் அப்படியே கிடந்தது. மறு வருஷம் ஏணியில் நான் ஏறினேன். மேலிருந்து கீழ் வரை ஒரே கை. காய்ந்த பிறகு ஆச்சி வந்து பார்த்தாள். சுவரில் கோடு இல்லை. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் புறவாசலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் ஊரில் வெள்ளையடிக்கவில்லை.

தெருவில் அதற்கு முன்பே டிஸ்டெம்பர், ஸ்னோசெம் எல்லாம் வந்துவிட்டது. பெயின்ட் டப்பாவில் பிரஷ்ஷோடு நின்ற அந்தக் குறும்புப் பையனை, ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த கட்டுவை, எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். டப்பா காலியானதும் தண்ணீர் மொள்ள எடுத்துக்கொள்வார்கள். ஆச்சி மட்டும் அசையவில்லை. பக்கத்து வீட்டு ரோஸ் சுவரை ஒரு தரம் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் அவள் கருத்து.

எங்கள் சுவர் ஒட்டும். திண்ணையில் சாய்ந்து கதை கேட்டால் முதுகு வெள்ளை. இருட்டில் தடவி நடந்தால் கை வெள்ளை. பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சுக்காரன் தட்டிவிடுவான், உங்க வீட்டுல வெள்ளையடிச்சாச்சால என்பான். தை மாதம் பூராவும் ஊரே முதுகில் தன் தன் வீட்டைச் சுமந்துகொண்டு திரியும். "சாயாதல, சட்டைல ஒட்டும்!" நாளைக்குப் பத்துத் தரம் ஆச்சியின் அந்தக் குரல். அப்போது அது ஏச்சு.

இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே மைனஸ் பதினெட்டு. ஜன்னலைத் திறக்க வழியில்லை. திறக்கவும் தேவையில்லை, பெயின்ட்டுக்குத்தான் வாசனையே இல்லையே. அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை, மழை மண்ணும் வெற்றிலையும் கலந்த மாதிரி மூக்கின் உச்சியில் ஏறி நிற்குமே, அதை எந்தக் கருவிக்கு அடியில் வைத்து எடுப்பது? அந்தக் கருவி செதிளின் மேல் முகத்தை மட்டும்தான் படித்தது. பக்கவாட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். வெள்ளை, நடுவில் மயிரிழையாகப் புகை, மறுபடி வெள்ளை. இருபத்திரண்டு வரை எண்ணியிருக்கிறேன். ஓரிடத்தில் புகைக் கோடு மட்டும் இரட்டிப்புக் கனமாக இருக்கும். வெள்ளையடிக்காத வருஷம்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. கூட நின்றான். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு எனக்கே சொல்லிக் கொடுத்தான்: ஓரங்களை முதலில் பிரஷ்ஷால் இழுத்துவிட வேண்டும், அந்த ஓரம் ஈரமாக இருக்கும்போதே ரோலர் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் கோடு விழும். ரோலரை நீளக் கம்பில் மாட்டினால் ஏணி வேண்டாம். நின்ற இடத்திலிருந்து கூரை வரை எட்டும். நான் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தேன். அப்படி இல்லப்பா, முதலில் டபிள்யூ மாதிரி போட்டு அப்புறம் நிரப்பணும் என்று வாங்கிக்கொண்டான். நான் கீழே, நீ மேலே என்று பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எதுக்கு, ஒரே ஆள் அடிச்சாத்தான் சீரா வரும் என்றான். சரிதான்.

இரண்டாவது கோட் முடித்து, டேப்பை ஈரத்தோடு பிரித்து, ராத்திரி படுத்துவிட்டோம். காலையில் சுவர் அத்தனை சீராக இருந்தது. ஒரு கோடு இல்லை. செதிளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நிறம், மயிரிழை வித்தியாசம் இல்லை.

அவன் எழுந்து வந்து காலுறை போடுவதற்காகச் சுவரில் சாய்ந்தான்.

"சாயாதல, சட்டைல ஒட்டும்!"

என் வாயிலிருந்துதான் வந்தது. அவன் திடுக்கிட்டு விலகினான். "காஞ்சிருச்சேப்பா" என்றான். திரும்பி நிற்கச் சொன்னேன். கறுப்புச் சட்டை. தோளிலிருந்து இடுப்பு வரை கையால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.