குமரி நெடுஞ்சாலையில் ஒரு மாலை

நாகர்கோவிலிலிருந்து மேற்கே திருவனந்தபுரம் செல்லும் பேருந்தில், மாலை நான்கு மணியளவில் நீங்கள் எப்போதேனும் பயணம் செய்ததுண்டா? பார்வதிபுரம் தாண்டி, சுங்கான்கடை, வில்லுக்குறி என்று ஊர்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும். நாஞ்சில் நாட்டின் வயல்வெளி பின்தங்கி, தென்னையும் ரப்பரும் தொடங்கும் இடம் அது. ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே ஆரம்பமாயிற்று என்று வெளியூர்க்காரரால் சொல்ல இயலாது. வீட்டு வாசற்படியும் கடைத் திண்ணையும் பள்ளிக்கூடத்தின் வாயிலும் சாலையின் விளிம்பிலேயே இருக்கும். அந்த நேரத்தில் பள்ளிகள் விட்டுப் பிள்ளைகள் சாரைசாரையாக வெளியே வருவார்கள். பாறைக்கல் ஏற்றிய லாரிகளும் கேரளப் பேருந்துகளும் அவர்களுடைய தோள்பையை உரசுவதுபோல் கடந்து செல்லும். சன்னலோரம் அமர்ந்திருக்கும் நமக்குத்தான் நெஞ்சு படபடக்கும். பிள்ளைகளோ சிரித்துப் பேசிக்கொண்டே நடப்பார்கள்.

இந்தச் சாலை நடந்து போகிறவர்களுக்கும் மாட்டுவண்டிகளுக்குமாக ஏற்பட்ட சாலை. தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானமேதை பீர்முகம்மது அப்பா அவர்களை ஜியாரத் செய்ய, நம் முன்னோர் கால்நடையாகவே வந்தார்கள். பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் இன்று மேம்பாலங்கள் வந்துவிட்டன. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நடைபாதை எங்கே இருக்கிறது என்று தேடினால், பல இடங்களில் வெள்ளைக் கோட்டுக்கும் சாக்கடைக்கும் இடையில் ஒரு முழ அகல மண்தான் மிஞ்சுகிறது.

இன்று 66 என்ற எண் தாங்கிய இந்த நெடுஞ்சாலைக்கு முன்பு 47 என்று பெயர். சேலத்தில் புறப்பட்டு, கோவை, பாலக்காடு, திருச்சூர், கொச்சி வழியாகக் கன்னியாகுமரி வந்து சேர்ந்த சாலை அது. அந்தப் பாலக்காட்டிலிருந்து கோழிக்கோட்டுக்கு வேறொரு நெடுஞ்சாலை பிரிகிறது. அதன் ஓரத்தில்தான் கரிம்பா என்ற ஊர் இருக்கிறது. குமரிச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர் நினைவுக்கு வந்துவிடுகிறது.

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. கரிம்பா அரசு மேனிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்த மாணவிகள், அரையாண்டுத் தேர்வு எழுதிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பனயம்பாடம் வளைவில் மழை ஈரம். சிமெண்டு ஏற்றி வந்த லாரியும் எதிரே வந்த லாரியும் மோதிக்கொண்டதில், சிமெண்டு லாரி நிலைதடுமாறிப் பிள்ளைகள் மீது கவிழ்ந்தது. நான்கு முஸ்லிம் சிறுமியர் மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உடன் நடந்து வந்த ஒரு தோழி மட்டும் தப்பினாள். மறுநாள் ஜும்ஆ நாள். நால்வருடைய ஜனாஸாவும் துப்பநாடு ஜும்ஆ பள்ளிவாசல் மையவாடியில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டன. ஒன்றாகப் பள்ளிக்குப் போய் ஒன்றாகத் திரும்பிய தோழியருக்கு அல்லாஹ் அருகருகே இடம் தந்தான்.

அந்த வளைவில் விபத்துகள் நிகழ்வது புதிதல்ல என்று ஊர் மக்கள் கொதித்தெழுந்து சாலையை மறித்தார்கள். கேரளப் போக்குவரத்து அமைச்சர் வந்து தாமே வண்டியை ஓட்டிப் பார்த்து, சாலை அமைப்பிலேயே குறை உள்ளது என்று ஒப்புக்கொண்டார். சற்று முன்பே ஒருவர் ஓட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்று மனம் கேட்கிறதல்லவா?

பெற்றோரின் துயரத்தை நாம் அறிவோம். ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அந்த வழக்கம் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் ஒரு வகுப்பறையின் துயரத்துக்கு யார் சமைத்துக் கொண்டுபோவது? தப்பிப் பிழைத்த அந்த ஐந்தாவது பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அவள் மீண்டும் அதே வழியில் நடக்க வேண்டும். அதே வகுப்பில் உட்கார வேண்டும். “நீயாவது பிழைத்தாயே” என்று சொல்லுகிறவர்கள், அந்தச் சொல் அவள் நெஞ்சில் எங்கே போய்க் குத்தும் என்பதை அறிவதில்லை. பிள்ளைகளின் முன்னால் அழக் கூடாது என்று ஆசிரியர்களுக்கும் சிலர் அறிவுரை கூறுகிறார்கள். தம் அருமைக் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே கண்ணீர் வடித்தார்களே!

நம் தமிழகத்தில் 2012 ஜூலையில், தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சின்னஞ்சிறுமி இறந்தாள். அதன் பிறகு அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. வண்டியில் போகும் பிள்ளைக்கு விதி பிறந்தது. நடந்து போகும் பிள்ளைக்கு இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

நம் பக்கமும் குற்றம் உண்டு. வளைகுடாவிலிருந்து வாப்பா பணம் அனுப்ப, மீசை முளைக்காத மகன் மோட்டார் சைக்கிளில் பறக்கிறான். பதினெட்டு வயது நிரம்பாதவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் ஓதிக்கொடுக்கிறோம். கல்லையும் முள்ளையும் மட்டும் நினைத்துக்கொண்டு அதை ஓதுகிறோமோ என்னவோ!

சென்ற பயணத்தில் என் அருகில் அமர்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுபது வயதிருக்கும். கரிம்பாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, பல ஆண்டுகளுக்கு முன் தம் வகுப்பு மாணவன் ஒருவனை லாரி அடித்துவிட்டதைச் சொன்னார். துக்க விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போய் வருகைப் பதிவேட்டைத் திறந்தவர், பழக்க தோஷத்தில் அவன் பெயரையும் வாசித்துவிட்டாராம். வகுப்பு முழுவதும் அவரையே பார்த்தது. மறுநாள் முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு எண்களைச் சொல்லி வருகை எடுத்தாராம்.

“அதுவும் உதவவில்லை, பாய். பதினேழு சொல்லிவிட்டுப் பத்தொன்பது சொல்ல வேண்டியிருந்தது.”

அழகியமண்டபத்தில் அவர் இறங்கினார். சாலையைக் கடக்க வேண்டும். வண்டிகள் இடைவெளி கொடுக்கவில்லை. எங்கள் பேருந்து புறப்பட்டு வளைவில் திரும்பும் வரை, குடையை மார்போடு அணைத்தபடி அவர் அந்தக் கரையிலேயே நின்றுகொண்டிருந்தார்.