சாதாரணக் கட்டிதான்!

கட்டி என்றால் புற்று. புற்று என்றால் மஹரகம. மஹரகம என்றால் முடிவு. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்து லயங்களில் பெண்கள் மனதுக்குள் வைத்திருக்கும் வாய்பாடு இது. மார்பில் கைக்குத் தட்டுப்படும் கட்டியைத் தாயிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைப்பது இதனால்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்பது வெளியே சொல்லும் காரணம்.

வாய்பாட்டின் முதல் வரியே பிழை. மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம் பெண்களுக்கு வரும், கோலிக்குண்டுபோல் வழுக்கி ஓடும் நார்க்கட்டியும், மாதவிடாய்க்கு முன் கனத்து வலிக்கும் நீர்க்கட்டியும் அத்தகையவை. ஆனால், தொட்டுப் பார்த்து நாமே தீர்ப்பெழுத முடியாது, பரிசோதித்தே ஆகவேண்டும்.

"புற்று இல்லை" என்பதோடு எல்லோருக்கும் கதை முடிந்துவிடுவதுமில்லை. என் உறவுக்காரப் பெண்ணொருத்தி நமுனுகுலைப் பக்கம் கொழுந்து பறிப்பவள். கட்டியை அகற்றிப் பரிசோதித்து, "சாதாரணக் கட்டிதான்" என்று அனுப்பிவிட்டார்கள். கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். ஆங்கில அறிக்கை சாமிப்படத்துக்குப் பின்னால் போயிற்று. பொங்கலுக்குப் போயிருந்தபோது அதை வாங்கி வாசித்தேன். கடைசி வரியில் "எடிபிகல் ஹைப்பர்பிளேசியா" என்றிருந்தது. அதாவது, கலங்கள் பெருகியிருக்கின்றன. அவற்றின் இயல்பும் மாறியிருக்கிறது. புற்று அல்ல, ஆனால், தொடர்ந்து கண்காணிக்க வேண்டியது.

அமெரிக்காவின் மாயோ கிளினிக், புற்றல்லாத மார்பு நோய் கண்ட 9,087 பெண்களைப் பற்றி 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்றில் இரு பங்கினருக்குக் கலப்பெருக்கமே இல்லை. அவர்களிலும் குடும்பத்தில் வலுவான நோய்ப் பின்னணி இல்லாதோருக்கு ஆபத்து கூடவில்லை. இயல்பு மாறிய கலப்பெருக்கம் இருந்தவர்கள் நூற்றுக்கு நால்வரே. அவர்களுக்கோ ஆபத்து நான்கு மடங்கு. 25 ஆண்டுகளில் அத்தகைய நூறு பேரில் ஏறத்தாழ 30 பேருக்குப் புற்று வரலாம் என்பது பிந்திய கணக்கு. மீதி எழுபது பேருக்கு வராது என்பதையும் அவளிடம் அழுத்திச் சொன்னேன்.

"வாயில் நுழையாத இந்தப் பேரை எப்படி மாமா கேட்கிறது?" என்றாள். தமிழிலேயே கேட்கலாம்: "கலம் இயல்பு மாறியிருக்கா ஐயா? திரும்ப எப்ப வரணும்?"

1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதுப் பெண்களின் மார்பை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். கட்டி கண்டவள் அந்த வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. போகும்போது பழைய அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். மழையில் நனையாதபடி ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி.