ஜவ்வரிசிக் கஞ்சியா, முட்டையா? சேலம் - நாமக்கல் வழியில் குழந்தையின் முதல் கவளம்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், வெயில் ஏறிய நேரத்தில் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை ஒன்று அவ்வப்போது கடந்துபோகும். சேகோ ஆலைகளின் காயவைக்கும் களங்கள்தான் அவை. அகலமான சிமென்ட் தரை முழுக்க ஜவ்வரிசி பரப்பிக் கிடக்கும். காற்று இந்தப் பக்கம் வீசினால் மரவள்ளிக்கிழங்குப் பாலின் புளித்த வாடை பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஊர்க்காரர்களுக்கு அது தெரிவதேயில்லை.

இங்கிருந்து மூட்டை மூட்டையாகப் போகும் ஜவ்வரிசி மகாராஷ்டிராவில் விரத நாள் கிச்சடியாகிறது, நம் ஊரில் பாயசமாகவும் வடாமாகவும் ஆகிறது. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதன்முதலாக ஒரு கிண்ணத்தில் ஏதாவது ஊட்ட வேண்டும் என்றதும், பல வீடுகளில் அடுப்பில் ஏறுவது ஜவ்வரிசிக் கஞ்சிதான். வேகவைத்தால் கண்ணாடி போல வழுவழுவென்று ஆகும். தொண்டையில் இறங்குவது சுலபம். வயிற்றுக்கும் தொந்தரவில்லை. பாட்டிகளுக்கு வேறென்ன வேண்டும்?

பெயரைக் கேட்டால் ஏதோ பழங்காலத்துத் தமிழ்த் தானியம் போலத் தோன்றும். ஆனால் அது ‘ஜாவா அரிசி’. அந்த நாட்களில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த பண்டம். அங்கே அதைச் சவ்வரிசிப் பனையின் தண்டிலிருந்து எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி நின்றுபோக, 1943-ல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரி, மலேயாவில் இருந்து வந்த போபட்லால் ஷாவுடன் சேர்ந்து, மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து அதே மணிகளை உருட்டத் தொடங்கினார். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலெடுத்து, தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவை உருட்டி, வறுத்து, வெயிலில் காயவைப்பது. அடிப்படை வேலை இன்றும் அதேதான். 1981-ல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊர் பெருமைப்பட்டுக்கொள்ள எல்லா நியாயமும் இருக்கிறது.

ஆனால், அந்தச் செய்முறையைத் திரும்பப் படியுங்கள். பாலெடுத்துத் தெளியவிடும்போது மிஞ்சுவது மாவுச்சத்து மட்டும்தான். 100 கிராம் ஜவ்வரிசியில் புரதம் 1 கிராம்கூடத் தேறாது. இரும்புச்சத்தும் சொல்லும்படி இல்லை. பசியை அடக்கும், தெம்பும் கொடுக்கும். குழந்தைக்கு அந்த வயதில் தேவைப்படுவது அது மட்டுமல்ல.

தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தை தன் உடம்பில் இரும்புச்சத்தைச் சேமித்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். தாய்ப்பால் வேறு எல்லாம் கொடுத்தாலும் இரும்பை மட்டும் சிக்கனமாகத்தான் கொடுக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு தாய்ப்பாலோடு வேறு உணவும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. நூற்றில் ஐம்பத்தேழு! அந்தச் சின்ன வயிற்றில் ஒரு வேளைக்கு நாலைந்து கரண்டிதான் பிடிக்கும். அதையும் வெறும் கஞ்சியால் நிரப்பிவிட்டால் மற்றதற்கு இடமேது?

சேலத்திலிருந்து தெற்கே இறங்கி, நெய்க்குப் பேர்போன ராசிபுரம் பக்கம் திரும்பி நாமக்கல்லை நெருங்கினால் காட்சி மாறுகிறது. சாலைக்கு இருபுறமும் நீள நீளமான கோழிப் பண்ணைகள். அட்டைகளில் முட்டை அடுக்கிய லாரிகள் கேரளாவுக்குக் கிளம்பி நிற்கும். வளைகுடா நாடுகளுக்கும் கப்பலேறும். நாமக்கல் மண்டல முட்டை விலை தினமும் நாளிதழில் தங்கம் விலைக்குப் பக்கத்தில் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை வருகிறதென்றால், அதிலும் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு.

இத்தனை முட்டை விளைகிற ஊரில், எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு முட்டை கொடுக்கலாமா என்று கேட்டால் கிடைக்கும் பதில் வேறு. “முட்டை சூடு கண்ணு. மாந்தம் வந்துரும். ஒரு வயசு தாண்டட்டும்.” அப்பத்தாவும் அம்மாயியும் ஒரே குரலில் சொல்கிற விஷயங்களில் இதுவும் ஒன்று. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வாமை வரும், ஒரு வயது வரை முட்டை வேண்டாம் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொல்லி அனுப்பினார்கள். இப்போது மருத்துவம் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. ஆறு மாதம் முடிந்ததும் முட்டையைத் தொடங்கலாம். 2023-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றில் ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும் என்கிறது.

முட்டையை அமுதமாக்கிவிடவும் வேண்டாம். எக்வடார் நாட்டில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாத காலம் தினம் ஒரு முட்டை கொடுத்துப் பார்த்து, 2017-ல் வெளியிட்ட ஆய்வில் வளர்ச்சிக் குறைபாடு ஏறக்குறைய பாதியானது. அதையே மலாவியில் செய்து பார்த்தபோது அப்படியொரு பலன் தெரியவில்லை. முட்டையில் நல்ல புரதமும் மூளை வளர்ச்சிக்கான கோலினும் இருக்கின்றன. ஆனால், அதிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. இரும்புக்குக் கோழி ஈரலும் இறைச்சியும் கைகொடுக்கும். வாரத்தில் ஓரிரு முறை, கொஞ்சமாக, நன்றாக வேகவைத்து மசித்தால் போதும். சைவ வீடுகளில் பருப்பும் கீரையும், அவற்றின் மேல் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும். ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் கொடுக்கும் அரசுத் திட்டமும் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் சொல்வார்.

முட்டையைக் கொடுக்கும் விதம் எளிது. மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்து, தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ மசித்து, முதல் நாள் கால் கரண்டி. தோலில் தடிப்பு, வாந்தி ஏதும் வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த நாள் கொஞ்சம் கூட்டலாம். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஏற்கெனவே கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குவது நல்லது.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம் போனால், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது கொல்லிமலைச் சாலை. மேலே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மண். கீழே சமவெளி வீடுகளிலும் கேழ்வரகுக்கு ஒரு பக்குவம் இருந்தது. ஊறவைத்து, துணியில் கட்டி முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைப்பார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முளைவிடும்போது தானியத்துக்குள் சுரக்கும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் கஞ்சி சீக்கிரம் இறுகாது. அதே கிண்ணத்தில் தண்ணீரைக் கூட்டாமல் மாவைக் கூட்டிப் போடலாம். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் கோதுமை, கடலைப்பருப்பு, வெல்லத்தோடு முளைகட்டிய கேழ்வரகும் சேர்வது இதனால்தான். அந்தப் பொட்டலம் சில வீடுகளில் மாட்டுத் தவிட்டோடு சேர்ந்துவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

அப்படியானால் ஜவ்வரிசியைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். தண்ணீரில் கரைப்பதற்குப் பதில் பாசிப்பருப்போடு குழைய வேகவைத்து, ஒரு கரண்டி நெய்யோ கடலை எண்ணெயோ விட்டால் அதே கஞ்சி வேறொரு உணவாகிவிடும். மணி முழுதாக நிற்காமல் மசிய வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பக்கம் நிறைய விளையும் நிலக்கடலையையும் முழுதாகக் கொடுக்கக் கூடாது, விழுதாக அரைத்துச் சேர்க்கலாம். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் சரியான பதம். தொடக்கத்தில் இரண்டு மூன்று கரண்டி, எட்டு மாதத்தில் அரைக் கிண்ணம். தேனை மட்டும் ஒரு வயது வரை நாக்கில்கூடத் தடவக் கூடாது. பிறந்ததும் சேனை தொட்டுவைக்கும் கைகளுக்கும் இது பொருந்தும்.

முதல் கவளத்தை வீட்டில் கொடுக்காமல் குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்து ஊட்டும் குடும்பங்கள் இங்கே நிறைய. மாமன் மடியில் குழந்தை. சுற்றிலும் இருபது செல்போன்கள். வாயில் வைத்த பொங்கலைக் குழந்தை நாக்கால் அப்படியே வெளியே தள்ளும். பெற்றவள் முகம் வாடும். ஒரு புது ருசி பிடிபட எட்டு, பத்து முறைகூட ஆகலாம் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். பக்கத்தில் நிற்கும் அப்பத்தாவுக்குத் தெரியும்.

“துப்புனா துப்பட்டும் கண்ணு. நாளைக்கு மறுபடியும் குடு.”