சிரிக்கிற ஈக்வலைஸர்

பாட்டுக் கேட்கிற ஆண் மக்களில் இரண்டு கட்சி உண்டு. ஆம்ப்ளிஃபயர் வாங்கிய கையோடு ஈக்வலைஸரும் வாங்கிவிட வேண்டும் என்பது ஆளுங்கட்சி. 'ரிக்கார்டிங் இன்ஜினீயர் ராத்திரியெல்லாம் கண் விழித்துக் கலந்து வைத்ததை, லுங்கி கட்டிக்கொண்டு திருத்த நீ யார்?' என்பது எதிர்க்கட்சி.

என் மச்சினன் ஆளுங்கட்சி. ரிச்சி தெருவில் அரை நாள் அலைந்து, செகண்ட் ஹாண்டில் ஒரு பத்து பேண்ட் ஈக்வலைஸர் பிடித்துக்கொண்டு வந்தான். வரிசையாகப் பத்துக் குமிழ்கள். மேலே தள்ளினால் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். இடது கோடியில் 31 ஹெர்ட்ஸ், வலது கோடியில் 16,000. இடப்பக்கம் டிரம்மின் 'தொம்', நடுவில் பாடுகிறவர் குரல், வலப்பக்கம் ஜாலராவின் 'ஜில்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சினன் என்ன செய்தான்? எல்லோரும் செய்வதைத்தான். இரண்டு ஓரத்தையும் உச்சிக்குத் தள்ளினான். நடுவைப் பள்ளத்தில் இறக்கினான். தள்ளி நின்று பார்த்தால் பெட்டி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும்.

இந்தச் சிரிப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. சத்தம் கம்மியாக இருக்கும்போது நம் காதில் 'தொம்'மும் 'ஜில்'லும் சரியாக ஏறாது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து சொல்லிவிட்டார்கள். ஆகவே ராத்திரி பதினோரு மணிக்கு மெல்லமாகக் கேட்கிறவர் ஓரங்களைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். மச்சினனோ வால்யூமையும் முக்கால்வாசி திருகிவிட்டுச் சிரிக்க வைப்பவன்! ஒரு குமிழை 12 டெசிபல் ஏற்றினால், அந்த இடத்தில் ஆம்ப்ளிஃபயர் கிட்டத்தட்ட 16 மடங்கு பவர் கொடுத்தாக வேண்டும். அது எங்கே போகும் பாவம், கரகரக்கத்தான் செய்யும்.

அலமாரியில் டம்ளர்கள் தாளம் போட்டன. கீழ்வீட்டு மாமி இரண்டு தடவை மாடியேறி வந்தார். இதெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயம். சமாளிக்க முடியாதது அப்பா.

அப்பாவுக்கு 74 வயது. சாயங்காலமானால் பழைய பாட்டுக் கேட்டே ஆக வேண்டும். அம்மா போன பிறகு அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அது. பெட்டி சிரிக்க ஆரம்பித்ததிலிருந்து, பாட்டுப் போட்டாலே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார்.

"மாமாவுக்குக் காது டல்லாயிடுச்சு அத்தான். இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?" என்றான் மச்சினன்.

"சத்தமெல்லாம் நல்லாத்தாம்ப்பா கேக்குது. சொல்லுதான் கேக்கலை" என்றார் அப்பா.

அதில் சகலமும் இருக்கிறது, ஸார். வயதானால் காதில் முதலில் தேய்வது மேல் சுருதி. சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துக்களின் தெளிவோ பெரும்பாலும் 2,000, 4,000 பக்கம். 'தொம்' மட்டும் குறையாமல் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சினனும் உட்கார்ந்தோம். முதல் வேலை, பத்துக் குமிழையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தது. இரண்டாவது, மூலையில் ஒண்டியிருந்த ஸ்பீக்கரை ஒன்றரை அடி முன்னே நகர்த்தியது. மூலையில் வைத்தால் பாஸ் தானாகவே வீங்கும். இதற்குக் காலணா செலவில்லை. எங்கள் ஹாலின் அகலம் 10 அடி. அந்த அகலத்தில் 56 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி ஊதிப் பெருக்கும். எனவே 63 என்ற குமிழைக் கொஞ்சம் இறக்கினோம். டம்ளர்கள் வாய் மூடின. கடைசியாக 2,000, 4,000 இரண்டையும் 3 டெசிபல் மட்டும் ஏற்றினோம்.

அப்பா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியோடு உள்ளே வந்தார்.

"இந்த இடத்தை உங்கம்மா தப்பாத்தான் பாடுவா" என்றார்.

பாட்டு முடிகிற வரை யாரும் பேசவில்லை.

அடுத்த வாரம் அவரைக் காது பரிசோதனைக்கும் அழைத்துப் போனோம். குமிழ் தள்ளுவது வைத்தியம் ஆகாதில்லையா? அவர்கள் கொடுத்த படத்தில் கோடு வலப்பக்கம் சரிந்திருந்தது. எங்கே சரிந்ததோ அங்கே மட்டும் தூக்கிக் கொடுக்கத்தான் காது மெஷின். ஈக்வலைஸர் பிறந்ததே இப்படித்தான்: அந்தக் காலத்து டெலிபோன் கம்பியில் வழியில் தேய்ந்துபோகும் மேல் சுருதியைச் சரிக்கட்ட! அது அலங்காரச் சாமான் இல்லை, பஞ்சர் ஒட்டுகிற சாமான்.

ஆக, நான் எந்தக் கட்சி? கூட்டணி! குமிழை இறக்கத் தெரிந்தவர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஏற்ற மட்டுமே தெரிந்தவருக்கு வேண்டாம். காசு போட்டு வாங்கக்கூட வேண்டியதில்லை, இப்போது செல்போனுக்குள்ளேயே இருக்கிறது. முதலில் ஸ்பீக்கரை நகர்த்துங்கள், பிறகு இறக்குங்கள், மிச்சம் தேவைப்பட்டால் துளி ஏற்றுங்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டி சிரிப்பதை நிறுத்திவிட்டது. கீழ்வீட்டு மாமிதான் இப்போது மாடிப்படியில் பார்த்தால் சிரிக்கிறார்.