முற்றத்து வேம்பில் கூழைக்கடா

சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு உங்கள் ஊர்க் குளத்தங்கரைக்கு நீங்கள் கடைசியாகச் சென்றது எப்போது? மாசி, பங்குனி மாதங்களில் ஒருமுறை பிள்ளைகளுடன் சென்று பாருங்கள். பம்பாயில் சிறுவனாக இருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்திலிருந்த மஞ்சள் நிறத்தைக் கண்டு வியந்துதான் சாலிம் அலி (1896–1987) பறவையியலுக்குள் வந்தார். நம் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி வேண்டா. கண்ணும் சிறிது பொறுமையும் போதும்.

நெல்லை மாவட்டம் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தைச் சொல்கிறேன். 1994-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் அதன் பெயர் வெளிவந்தது. ஆனால், அரசின் அறிவிப்புக்கு நெடுங்காலம் முன்பிருந்தே அவ்வூரார் பறவைகளைக் காத்து வருகின்றனர். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்து மரங்களில் மட்டுமன்றி, வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுகின்றன. கீழே பெண்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்க, மேலே கூழைக்கடாக் குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையை நுழைத்து மீனுண்ணும்!

எச்சமும் அழுகிய மீனின் வாடையும் சாதாரணமானவை அல்ல. எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று அங்கே ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். "பிள்ளைப் பேற்றுக்கு வந்த மகளை யாராவது விரட்டுவாங்களா பாய்?" என்றார். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்பதையும் அவர் மறவாமல் சொன்னார். மகள் வெறுங்கையுடன் வருவதில்லை போலும்.

நண்பகலில் நாரை சிறகை விரித்து நின்று தன் குஞ்சுகளுக்கு நிழல் தருவதைக் காணலாம். நாம் மரத்தடிக்கு நெருங்கினால் அது எழுந்து பறந்துவிடும். அந்தச் சிறு இடைவெளியில் காகம் முட்டையைக் கொத்திச் செல்லும். வெயில் குஞ்சை வாட்டும். ஆகவே தொலைவிலேயே நில்லுங்கள்.

இனி மரங்களைப் பற்றி. தமிழகக் குளங்களுக்குள் வரிசையாக நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் பல தாமாக முளைத்தவை அல்ல. 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் ஏராளமான ஏரிகளிலும் குளங்களிலும் அவை விறகுக்காக நடப்பட்டன. முற்றியதும் ஏலம் விட்டு வெட்டுவது, மீண்டும் வளர்ப்பது என்பது ஏற்பாடு. கருவேலம் தேங்கிய நீரைத் தாங்கும். நீர் சூழ்ந்த முள்மரத்தில் நாயும் பூனையும் எளிதில் ஏறா. மனிதன் விறகுக்கு வைத்ததைப் பறவைகள் வீடாக்கிக் கொண்டன.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஊராட்சிக்கு வருவாய் வேண்டும். ஏழை வீட்டு அடுப்புக்கு விறகும் வேண்டும். ஆனால், குளம் வற்றியதும் ஒரே மூச்சில் மொத்தமாக வெட்டிச் சாய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பருவத்தில் வரும் பறவைக்குக் கூடு வைக்க ஒரு கிளைகூட இராது. புதிய கன்று கூடு தாங்கும் மரமாகப் பல்லாண்டுகள் ஆகும். கூடுள்ள மரங்களுக்குக் குறியிட்டு விட்டுவிட்டு, எஞ்சியவற்றைப் பகுதி பகுதியாக வெட்டினால் இருதரப்புக்கும் இழப்பில்லை.

உங்கள் ஊரிலும் இத்தகைய குளம் இருக்குமானால், கிராமசபையில் எழுந்து இதைக் கேளுங்கள். மே முதல் நாளிலும் கிராமசபை கூடுகிறது. நெல்லைச் சீமையில் குஞ்சுகள் இன்னும் கூட்டிலிருக்கும் காலம் அது.