பொழிச்சலூரில் ஒரு ஹெரால்டு

சென்னைக்கு ஆகாய விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறீர்களா? சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஜன்னல் வழியே கீழே பார்த்தால், நெளிந்து போகும் ஓர் ஆறு தெரியும். நெருக்கி அடித்த மொட்டை மாடிகள் தெரியும். கொடியில் உலரும் புடவைகளின் நிறம்கூடத் தெரியும். "இது என்ன ஊரோ?" என்று நினைப்பதற்குள் விமானம் தரையில் ஓட ஆரம்பித்துவிடும். அந்தப் பக்கத்து ஊர்களில் ஒன்றுதான் பொழிச்சலூர். மேலே இருந்து பார்த்தது போதும். வாருங்கள், இன்றைக்குக் கீழே இறங்கி நடந்து பார்க்கலாம்.

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமையாக இருந்தால் ஜாக்கிரதை! பல்லாவரம் சந்தை உங்களைப் பிடித்து நிறுத்திவிடும். பூச்செடி, பழைய நாற்காலி, உடைந்த ரேடியோ, ஒற்றைச் சக்கரம், சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி என்று எல்லாம் அங்கே கிடைக்கும். பழைய சாமானுக்கும் பல்லாவரத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1863-ம் வருஷம் மே 30-ந் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி இங்கேதான் கற்காலத்து மனிதன் செதுக்கிய கல் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் ஆதி மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. மனிதன் கையில் எடுத்த கருவியின் கதை நம் பக்கத்தில் இந்த ஊரில் தொடங்குகிறது என்றால் பெருமைதானே?

பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாக மேற்கே போனால் பொழிச்சலூர். இங்குள்ள அகஸ்தீஸ்வரர் கோயிலை 'வட திருநள்ளாறு' என்கிறார்கள். சனிக்கிழமை காலையில் போனால் எள் எண்ணெய் விளக்கு ஏற்றக் காத்திருக்கும் பெண்கள் கூட்டத்தைப் பார்க்கலாம். சனி பகவானுக்கு உகந்தவை இரும்பும் எண்ணெயும் என்பது பெரியவர்கள் வாக்கு. அப்படியானால் இந்த ஊரில் அவருக்கு இன்னொரு சந்நிதியும் இருக்கிறது என்றே சொல்லலாம். இரும்பும் எண்ணெயுமாகவே இருக்கும் ஒரு மோட்டார் பட்டறையைத்தான் சொல்கிறேன்.

மேஜை மேல் ஒரு யந்திரம்

தகரக் கூரை, மண் தரை, சுவரில் வரிசையாக ஸ்பானர்கள். நடுவில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் முன்பக்கம் முழுவதும், மட்கார்டும் விளக்கும் சேர்ந்தாற்போல், பெட்டி மூடியைத் திறந்தது மாதிரி முன்னால் கவிழ்ந்து கிடந்தது. ஹெரால்டின் பானெட் அப்படித்தான் திறக்கும். உள்ளே என்ஜின் இருக்க வேண்டிய இடம் காலி. என்ஜின், பக்கத்து மேஜை மேல் துண்டு துண்டாகக் கிடந்தது.

காரின் சொந்தக்காரர்கள் ஒரு தம்பதி. நாங்கள் போன சமயம் அவர்களும் வந்திருந்தார்கள். 2015-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த பேய் மழையை மறக்க முடியுமா? செம்பரம்பாக்கத்துத் தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை புரண்டது. விமானங்களே தண்ணீரில் நின்றன. விமான நிலையத்தைச் சில தினங்கள் மூடி வைத்தார்கள். மறுநாள் விடியற்காலை, தெருவில் ஏறிய தண்ணீரிலிருந்து அப்பாவின் காரை மேட்டுக்குக் கொண்டு போய்விடலாம் என்று கணவர் ஓட்டியிருக்கிறார். பாதித் தெருவில் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. அப்புறம் வருஷக் கணக்காகத் தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடியும் தண்ணீரைக் கொண்டு வந்தபோது வீட்டில் பேச்சு எழுந்தது: இன்னொரு வெள்ளத்துக்கு இந்த வண்டி தாங்காது, ஒன்று சரி செய்வது, அல்லது எடைக்குப் போடுவது.

"புதுப்பேட்டைக்காரர் வந்து விலைகூடப் பேசிட்டுப் போயிட்டாரு, அண்ணே" என்றார் அந்த அம்மாள் மேஸ்திரியிடம். "ஆனா என்னைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே இந்த வண்டிதான். மாமாதான் ஓட்டினாரு."

கணவர் ஒன்றும் பேசாமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த 'டக்' சத்தம் அவர் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது போலும்.

"சார் மேலே தப்பு இல்லேம்மா" என்றார் மேஸ்திரி. "அன்னிக்கு ஊர்லே பாதிப் பேரு அதைத்தான் செஞ்சாங்க."

அந்தச் சத்தத்தின் ரகசியம் இதுதான். என்ஜினுக்குள் இருக்கும் பிஸ்டன், காற்றையும் பெட்ரோல் ஆவியையும் அழுத்துகிறது. காற்று அழுத்தினால் அடங்கும். தண்ணீர் அடங்காது. காற்று போகும் குழாய் வழியே தண்ணீர் புகுந்துவிட்டால், மேலே ஏறும் பிஸ்டன் கல் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடுகிறது. ஆனால் கீழே சுழலும் தண்டு நிற்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட கனெக்டிங் ராடு வளைந்து போகிறது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அகப்பட்ட பிள்ளையின் கதிதான்!

வண்டலூரில் பிறந்தவள்

இந்த ஹெரால்டு வெளியூர்க்காரி அல்ல. தாம்பரத்துக்கு அப்பால் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் பிறந்தவள். 1961 முதல் அங்கே ஹெரால்டு தயாராயிற்று. உருவத்தை வரைந்தவர் இத்தாலிய நிபுணர் மிக்கலோட்டி. 948 சி.சி. கொண்ட நான்கு சிலிண்டர் என்ஜின். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் சாமர்த்தியம் உண்டு. குறுகலான தெருவில் ஓட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இங்கிலாந்தில் 1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பந்தயக் காரைப்போன்ற இரட்டை இருக்கைக் கார், ஹெரால்டின் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டே பிறந்தது. ஆகவே நம் வண்டலூர்ப் பெண்ணுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தங்கை உண்டு. அதனால் ஒரு லாபம்: தங்கைக்காக இன்றும் இங்கிலாந்தில் சில உதிரி பாகங்களைப் புதிதாகச் செய்கிறார்கள். அவற்றில் பல அக்காவுக்கும் பொருந்தும்.

கையால் செய்யும் வைத்தியம்

என்ஜினை மறுபடி கட்டுவது என்றால் என்ன? பிரிப்பது ஒரு நாள் வேலை. அளப்பதுதான் பெரிய வேலை. பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் வருஷக் கணக்கில் தேய்ந்து, வட்டம் என்பது முட்டை வடிவமாகியிருக்கும். மேஸ்திரி முதலில் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கிறார். பிறகுதான் அளவுகோல். கணக்கெல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் கனமே ஏறக்குறைய மூன்று பங்கு வரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்து, 'இருபது சைஸ்' பெரிதாக்கி, அதே அளவுக்குப் பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். இருபது சைஸ் என்பது அரை மில்லிமீட்டர்தான்.

வளைந்த ராடுக்குப் பதில் புதுப்பேட்டையில் இன்னொன்று அகப்பட்டது. உடனே மாட்டிவிடலாமா? கூடாது. நான்கு ராடும் ஒரே எடையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஓடும்போது உதறும். தட்டான் கடைத் தராசுபோல ஒன்றில் வைத்துப் பார்த்து, கனமானதைச் சிறிது சிறிதாக அரத்தால் தேய்த்துச் சமன் செய்தார் மேஸ்திரி.

அடுத்தது வால்வு. ஒரு குச்சியின் நுனியில் வால்வை ஒட்டி, பசை தடவி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டுகிறார்கள். மத்தைப் பிடித்து மோர் சிலுப்புவது போலவே இருந்தது. "இது எங்க வேலையாச்சே, அண்ணே!" என்று அந்த அம்மாள் சிரித்துவிட்டு, ஒன்றைத் தாமே உருட்டியும் பார்த்தார். சரியாகப் படிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? மண்ணெண்ணெயை ஊற்றி வைக்கிறார்கள். கசியாவிட்டால் வேலை முடிந்தது. புதுப் பானையை நாம் சோதிப்பது மாதிரிதான்.

கடைசியில் மூடியை வைத்து நட்டுகளை முடுக்கும்போது ஒரு முறை உண்டு. நடுவிலிருந்து ஆரம்பித்து இரு பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக, அளவு காட்டும் ஸ்பானரால் முடுக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் மூடி கோணிக்கொள்ளும். இவ்வளவு வேலையிலும் மேஸ்திரி அடிக்கடி சொன்ன சொல் ஒன்றே ஒன்று: "சுத்தம்." ஒரு மணல் துகள் உள்ளே தங்கினால் போதும், அத்தனை உழைப்பும் பாழ்.

மேலே பறந்த பாடம்

பேசிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு சென்றது. மேஸ்திரி ஸ்பானரை உயர்த்திக் காட்டினார். "இப்போ வர்ற கார்லே டர்போ டர்போங்கிறாங்களே, அதுவும் இதுவும் பங்காளிங்க, சார்."

வாஸ்தவம்தான். என்ஜின் வெளியே தள்ளும் சூடான புகையைக் கொண்டே ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றி, அதன் பலத்தால் என்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. 1905-ல் சுவிட்சர்லாந்து தேசத்து ஆல்பிரட் பூகி இந்த யோசனைக்குப் பேடண்ட் வாங்கினார். உயரே போகப் போகக் காற்று இளைத்து விமான என்ஜின்கள் சோர்ந்து போனபோது இதன் அருமை தெரிந்தது. 1918-ல் அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பவர் ஒரு விமான என்ஜினைச் சுமார் 14,000 அடி உயரமுள்ள மலை உச்சிக்கு லாரியில் ஏற்றிப் போய், டர்போவைப் பூட்டிச் சோதித்து வெற்றி கண்டார்.

காருக்கு இது 1962-ல் வந்தது. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் கார் அவற்றில் ஒன்று. அதில் ஒரு தொந்தரவு. பெட்ரோல் தவிர, தண்ணீரும் மெதனாலும் கலந்த ஒரு திரவத்தையும் அவ்வப்போது ஊற்ற வேண்டும். எத்தனை பேர் ஞாபகமாக ஊற்றுவார்கள்? பலர் மறந்தார்கள், வண்டியின் வேகம் குறைந்தது, டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

அந்தக் காரின் அலுமினிய என்ஜினுக்கு ப்யூக் கம்பெனியில் ஓர் உடன்பிறப்பு இருந்தது. அதை இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி 1965-ல் வாங்கி, தன் பெரிய கார்களில் பொருத்தியது. அந்த ரோவரின் உடல் 1985-ல் எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? நம் வண்டலூருக்கு! 'ஸ்டாண்டர்டு 2000' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் உடல்தான் வந்ததே தவிர, அந்த இருதயம் வரவில்லை. பழைய வான்கார்டு காலத்து 1991 சி.சி. என்ஜினையே உள்ளே வைத்தார்கள். விலை அதிகம், பெட்ரோல் செலவு அதிகம், வேகமோ குறைவு. 1988-ல் உற்பத்தி நின்றது. மேலே பட்டுக் கட்டினால் போதாது, உள்ளே சத்து வேண்டும் என்பது எந்தக் குடும்பத் தலைவிக்கும் தெரிந்த சங்கதிதானே?

வீட்டுக்கு இரண்டு வார்த்தை

இப்போது பல சிறிய கார்களிலும் டர்போ வந்துவிட்டது. உங்கள் வீட்டுக் காரிலும் இருக்கலாம். அந்தச் சிறு காற்றாடி நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தே சுழல்கிறது. வேகமாக ஓட்டி வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, மிச்ச எண்ணெய் அந்தச் சூட்டில் கருகிப் படியும். வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். மழைத் தண்ணீரில் கார் முழுகிவிட்டால், "ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கலாம்" என்று யாரும் சாவியைத் தொட வேண்டாம். பாட்டரி இணைப்பைக் கழற்றி, பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அங்கே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே என்ஜினைச் சுற்ற வேண்டும். ஆண்பிள்ளைகள் அவசரப்படுவார்கள். சாவியை நீங்கள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டால் பெரிய செலவு மிஞ்சும்.

வீட்டுக் கொட்டகையில் தாத்தா காலத்துக் கார் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒன்று யோசியுங்கள். 2021-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் உருவம் மாறாத வண்டிகளைப் புராதன வண்டி என்று தனியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். தினசரிப் பிரயாணத்துக்கு அல்ல. சட்டத்தையோ உடலையோ என்ஜினையோ மாற்றி அமைத்தால் இந்தச் சலுகை இல்லை. ஆகவே பழுது பார்ப்பவரிடம், "புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டாம், இருந்தபடியே வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பொழிச்சலூர் ஹெரால்டு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? செலவுக் கணக்கை மேஸ்திரி ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். கணவர் அதைப் பார்த்துத் தயங்கினார். அந்த அம்மாள் வாங்கி ஒரு முறை படித்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சிலிண்டரைக் கடைஞ்சிடுங்க, அண்ணே. பணத்தை மாசா மாசம் தர்றேன்" என்றார். "முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாத்தான் ஓட்டணும்னீங்களே, அதை மட்டும் இவர்கிட்டே இன்னொரு தடவை சொல்லிடுங்க."

கணவர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.